பீச் தோட்டத்தின் அந்துப்பூச்சி: மருந்துத் தெளிப்பா, இனக்கவர்ச்சிக் குழப்பமா?

பீச் மரத்தின் இளங்குருத்தை முதலிலும், அடுத்தடுத்த தலைமுறைகளில் காயையும் துளைக்கும் கீழை அந்துப்பூச்சிக்கு மருந்து தெளிப்பதானால், புழு முட்டையிலிருந்து வெளிவந்து உள்ளே புகுவதற்குள் தெளித்தாக வேண்டும். புகுந்தபின் மருந்து அதனை எட்டுவது அரிது. குழப்ப முறையிலோ, பெண் பூச்சியின் மணத்தைக் கசியவிடும் குழல்களை, முதல் தலைமுறை அந்துகள் பறக்கத் தொடங்குமுன்பே கிளைகளில் கட்டிவிட்டால், ஆண் பூச்சி துணையைக் கண்டறிய முடியாமல் தடுமாறும், இனச்சேர்க்கை குறையும், நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் தீங்கில்லை. எனினும், சிறிய தோட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே கருவுற்ற பெண் பூச்சிகள் பறந்து வந்து முட்டையிடுவதை எந்த மணமும் தடுப்பதில்லை. பரந்த தோட்டத்துக்குக் குழப்ப முறையே மேல். ஆனால் அங்கும் காயின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளைத் தனியே கண்காணிக்க வேண்டும், பழத்தை அழுக வைக்கும் பூசண நோயான பழுப்பு அழுகலுக்கோ எப்படியும் பூசணக்கொல்லிதான்.