எத்தனை எடை வந்தாலும் ஏற்கும் செயற்கூறு: ஜாவா, பைதான், சி பிளஸ் பிளஸ் ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் மண்டித் தராசுக்கு ஓய்வே கிடையாது. ஒரு விவசாயி பெங்களூராவை மட்டும் இறக்குவார். அது கூழ் ஆலைக்குப் போகும். அடுத்த வண்டியில் அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா என்று நான்கு ரகம் இருக்கும். ஒரு சீட்டில் ஓர் எடை, இன்னொன்றில் ஏழு. இத்தனைதான் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத அளவுருக்களை, அதாவது தரப்படும் மதிப்புகளை, நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியான செயற்கூறு எப்படி வாங்கிக்கொள்வது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வந்தது.

வாங்கிக்கொள்வது எல்லா மொழியிலும் எளிது. வாங்கியதை அப்படியே அடுத்த செயற்கூறுக்கு, அதுவும் வேறொரு கிளாஸில் (தரவையும் அதற்கான செயற்கூறுகளையும் ஒன்றாகக் கட்டிய அமைப்பில்) இருக்கும் செயற்கூறுக்குக் கைமாற்றும்போதுதான் மொழிகளின் குணம் தெரிகிறது. ஆகவே அந்த ஒரு வேலையை வைத்தே ஒப்பிடுகிறேன்.

ஜாவாவில் இந்த வசதி 5ஆம் பதிப்பில், 2004இல் வந்தது. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே ஆண்டுதான். முழு எண், சொல் என மதிப்பின் வகையைச் சொல்லும் பெயருக்குப் பின்னால் மூன்று புள்ளி வைத்தால் போதும். வருகிற மதிப்புகளை மொழியே ஓர் அணியாக, அதாவது வரிசையான தொகுப்பாக, கட்டிக் கொடுத்துவிடும். மண்டிகளுக்காக எழுதிய எடைச்சீட்டு நிரலில் நான் எடைகளை முழு எண்களாக இப்படி வாங்கி, எந்த வகைப் பொருளையும் (ஆப்ஜெக்ட்) எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும் அச்சுச் செயற்கூறுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை ஒரு மண்டியிலிருந்து அழைப்பு. எடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி, பெரிய ஐ எழுத்து, அட் குறி, அதன்பின் புரியாத எண்ணும் எழுத்தும். விவசாயி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றார்கள்.

காரணம் இதுதான். முழு எண்களின் அணி ஜாவாவுக்குப் பொருள்களின் அணி ஆகாது. அதனால் ஏழு எடை ஏழாகப் பிரியாமல், முழு அணியும் ஒரே பொருளாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அச்சானது அந்த அணியின் உள் அடையாளம். கூடைக்குள் கூடை வைத்த கதையும் இதோடு சேர்ந்ததே: வாங்கிய அணிக்கு முன்னால் விவசாயியின் பெயரை மட்டும் சேர்த்து அனுப்பினால், பெறுகிறவருக்கு எட்டு மதிப்புகள் கிடைக்காது, பெயர் ஒன்று, அணி ஒன்று என இரண்டுதான் கிடைக்கும். சி ஷார்ப் மொழியில் இதே வேலைக்கு உள்ள பாராம்ஸும் இந்த இரண்டு இடங்களில் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜாவாவில் கைமாறுவது அணியின் நகல் அல்ல, அதே அணி. அடுத்த செயற்கூறு காம்புக்கும் அழுகலுக்கும் கழிவு பிடித்து எடைகளை அதிலேயே திருத்திவிட்டால், அனுப்பியவரிடம் இருக்கும் எடையும் குறைந்துவிடும். எடையில் ஒரு கிலோ தவறினாலும் அது ஒருவருடைய கூலி.

பைதானில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு நட்சத்திரம் போட்டு வாங்கினால் டியூப்பிள் என்ற, மாற்ற முடியாத தொகுப்பாகக் கிடைக்கும். அனுப்பும்போது மீண்டும் நட்சத்திரம் போட்டால் பிரிந்து போகும், போடாவிட்டால் கட்டாகப் போகும். எது நடக்க வேண்டும் என்பது நிரலை எழுதுகிறவர் கையில் இருக்கிறது, படிப்பவர் கண்ணுக்கும் தெரிகிறது. இரட்டை நட்சத்திரம் பெயரிட்ட மதிப்புகளுக்கு. ஒரு கிளாஸை அடிப்படையாக வைத்து இன்னொன்றை எழுதுவது மரபுரிமை; முன்னது தாய், பின்னது சேய். தாய் கிளாஸில் புதிதாக ஓர் அளவுரு சேர்ந்தாலும், எல்லாவற்றையும் சூப்பர் என்ற அழைப்பு வழியாக மேலே அனுப்பும் சேய் கிளாஸைத் தொடவே வேண்டாம். மரபுரிமையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் அந்த இரட்டை நட்சத்திரத்தை நான் முழுவதும் நம்புவதில்லை. கமிஷன் என்ற பெயரில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டது என்று வையுங்கள். தாய் கிளாஸ் கண்டிப்பானதாக இருந்தால் பிழைச் செய்தி வரும்; அதுவும் தவறு நடந்த இடத்திலிருந்து இரண்டு படி தள்ளி வரும். தாய் கிளாஸும் எதையும் ஏற்பதாக இருந்து, இல்லாததற்கு இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டால், செய்தியே வராது. பழைய கமிஷனில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சி மொழியின் மூன்று புள்ளியைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. எத்தனை வந்தது, என்ன வகை என்று எதுவும் அதற்குத் தெரியாது. வந்ததை இன்னொரு மூன்று புள்ளிச் செயற்கூறுக்கு நேரடியாகத் தரவும் முடியாது. அச்சிடும் பிரிண்ட்எஃப்புக்குத் துணையாக, வந்ததைக் கட்டாக வாங்கும் விபிரிண்ட்எஃப் இருப்பதே அதனால்தான். சி பிளஸ் பிளஸ் 2011இல் கொண்டுவந்த மாறுநீள டெம்ப்ளேட் (எத்தனை மதிப்புக்கும் எந்த வகைக்கும் பொருந்தும் நிரல் அச்சு) வேறு தரம். ஒவ்வொரு மதிப்பும் தன் வகையோடு, ஃபார்வர்ட் என்ற வசதி வழியாக அனுப்பினால் தேவையற்ற நகலும் இல்லாமல் கைமாறும். வகைப் பிழை இருந்தால் கம்பைல் செய்யும்போதே, நிரல் ஓடுவதற்கு முன்பே, பிடிபடும். திருத்தமாகக் கைமாற்றுவதில் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது. ஆனால் கிளாஸ்களை வைத்து எழுதும் பொருள்நோக்கு நிரலாக்கத்தில் அதற்கு ஒரு பெரிய தடை: டெம்ப்ளேட்டாக எழுதிய உறுப்புச் செயற்கூறு விர்ச்சுவலாக இருக்க முடியாது. தாய் கிளாஸில் வைத்து, சேய் கிளாஸில் மாற்றி எழுதும் வழி அடைபட்டுவிடுகிறது. பொருளை உருவாக்கும் இடத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மரபுரிமை வேண்டிய இடத்தில் வேண்டாம்.

சேய் கிளாஸ்கள் அடிக்கடி மாறும் நிரல் என்றால் நான் பைதான் பக்கம். எண்ணிக்கை மாறும் எடைகளுக்கு மட்டும் ஒற்றை நட்சத்திரம், கமிஷன் போன்றவற்றுக்கு வெளிப்படையான பெயர். ஜாவாவில்தான் எழுத வேண்டும் என்றால் மூன்று புள்ளி முதல் வாசலில் மட்டும். அதைத் தாண்டி உள்ளே பட்டியலாக, அதுவும் மாற்ற முடியாத பட்டியலாக, ஒரே அளவுருவாகப் போகட்டும். மண்டி நிரலை அப்படித்தான் திருத்தினேன். எடைச்சீட்டு என்று ஒரு கிளாஸ், அதற்குள் எடைகளின் பட்டியல். அச்சுக்கும் பதிவேட்டுக்கும் போவது அந்தச் சீட்டு மட்டும். கழிவு பிடித்த எடை தனிப் பட்டியலாக அதன் பக்கத்தில் நிற்கிறது, விவசாயி இரண்டையும் பார்த்துக் கணக்குக் கேட்கலாம்.