ஓய்வு நாடித்துடிப்பு: விரலால் எண்ணுவதா, ஸ்மார்ட் வாட்ச் கட்டுவதா?

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை வழமையான அளவு. நேற்று 72, இன்று 84 என்றதும் பதறுகிறவர்களுக்குத்தான் இது.

செலவு
விரல்: ஒன்றுமில்லை. செக்கன் முள்ளுள்ள மணிக்கூடு போதும்.
வாட்ச்: ஆயிரக்கணக்கில் ரூபாய், சார்ஜ் தொல்லை வேறு.

துல்லியம்
விரல்: ஐந்து நிமிடம் சாய்ந்திருந்து, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மெல்ல வைத்து, முழு 60 செக்கன் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு துடிப்புப் பிசகு நாலாகிவிடும். பெருவிரலால் பார்க்க வேண்டாம். அதற்கே சொந்தத் துடிப்பு உண்டு.
வாட்ச்: பச்சை ஒளியால் தோலடி இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. பட்டி தளர்ந்தாலோ, பஸ் கம்பியில் தொங்கினாலோ எண் தாறுமாறாகும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே கட்டுங்கள்.

மனநிம்மதி
இங்கேதான் வாட்ச் தோற்கிறது. பார்த்தால் பயம், பயத்தில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரக்கும், அதனால் துடிப்பு ஏறும், ஏறியதைப் பார்த்து மறுபடி பயம். கொழும்புக் காலி வீதி வெயிலில் நடந்துவந்து, பிளேன்டீயும் குடித்த கையோடு பார்த்தால் 95 காட்டாமல் என்ன செய்யும்?
விரலிலும் இந்த நோய் தொற்றும். ஆனால் ஒரு நிமிடம் எண்ணும் சிரமமே பலரைத் தடுத்துவிடும்.

யாருக்கு எது
பத்து நிமிடத்துக்கொருமுறை பார்ப்பவருக்கு விரல். காலையில் எழுந்ததும் ஒரே தடவை, கொப்பியில் எழுதி மூடிவிடுங்கள். உடற்பயிற்சிக்காரருக்கு வாட்ச், எச்சரிக்கைகளை நிறுத்திவிட்டு வாரச் சராசரியை மட்டும் பார்க்கலாம்.

ஓய்விலும் 100க்கு மேலேயே நின்றால், தாளம் தப்பினால், வைத்தியரிடம் ஈசிஜி (இதயத் துடிப்பைப் பதியும் சோதனை) எடுக்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.