ரூ.7,800 வாங்கினார்கள், உள்ளே தூசியைக்கூடத் தட்டவில்லை: சேலத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய கால்குலேட்டர் ஒன்றைச் சரி செய்வதற்காக 7,800 ரூபாய் கொடுத்தோம். கொடுத்தபோது இருந்ததைவிட மோசமான நிலையில் இன்று அது வீட்டுக்கு வந்திருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. 'பழைய மாடல் எதுவானாலும் சரி செய்து தரப்படும்' என்று கைபேசியில் ஓயாமல் விளம்பரம் ஓட்டுகிற மின்னணுப் பழுது பார்க்கும் கடை என்பது மட்டும் போதும். சேலத்தில் இருப்பவர்களுக்கு அந்த விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் அப்பா பருப்பு மண்டி வைத்திருக்கிறார். அவர் மேசைமேல் இருப்பது தாளில் அச்சடிக்கும் கால்குலேட்டர், ஜப்பானில் செய்தது. பச்சையாக எண்கள் ஒளிரும் திரை, மேல்பாதி கறுப்பும் கீழ்ப்பாதி சிவப்புமாக ஒரு ரிப்பன், 57 மில்லிமீட்டர் அகலத் தாள் சுருள். கூட்டுவது கறுப்பில் விழும், கழிப்பது சிவப்பில் விழும். மூட்டைக்கு இவ்வளவு என்று போட்டு, கூலி, சாக்கு, தரகு என்று ஒவ்வொன்றாகச் சிவப்பில் கழித்து, அந்தத் துண்டைக் கிழித்துப் பில்லோடு பின் அடித்துக் கொடுத்தால் எதிரே நிற்பவர் மறுபேச்சுப் பேச மாட்டார். கம்ப்யூட்டர் பில் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. "கம்ப்யூட்டரில் வருவது நீ போட்ட கணக்கு தம்பி, இது அவர் கண்ணெதிரே அடித்த கணக்கு" என்பார் அப்பா. அவரிடம் யார் வாதாடுவது?

ஆடி மாதம் அச்சு தகராறு செய்யத் தொடங்கியது. திரையில் கணக்கு சரியாகவே வந்தது. மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டது. ஆனால் எண்கள் பாதி பாதியாக விழுந்தன, தாள் நகராமல் ஒரே வரியின்மேல் மறுபடி மறுபடி அடித்தது. ஆடியில் எப்படியும் வியாபாரம் மந்தம், இப்போதே சரி செய்துவிடலாம் என்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

அந்த ஆள் இயந்திரத்தைத் தட்டவில்லை, குலுக்கவில்லை. தாளின் நுனியைக் கிழித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "எட்டைப் பாருங்கள் அண்ணா, கீழ்ப்பாதி விழவே இல்லை" என்றார். உண்மைதான், விழவில்லை. "நான் தொழில் கற்றதே இந்த மாதிரி மிஷினில்தான். இப்போது வருகிற பையன்களுக்கு செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுவதைத் தவிர என்ன தெரியும்?" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, கைராசியான மிஷின். இதை எடைக்குப் போட யாருக்கு மனம் வரும்?" என்று கேட்டார். அப்பா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எங்கள் பணம் அந்த இடத்திலேயே கைமாறிவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் வெறும் சம்பிரதாயம்.

முன்பணம் 3,000 ரூபாய். அதன் பிறகு ஒருநாள் போன் வந்தது. "ஐ.சி. சிப் போய்விட்டது அண்ணா. சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் வைத்திருக்கிறார். 3,500 அனுப்பினால் இன்றைக்கே எடுத்துவிடலாம், நாளைக்கு இருக்குமா என்று தெரியாது." திரையில் கணக்கு சரியாக வருகிறதே, ஐ.சி. எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். "அச்சுக்குத் தனி ஐ.சி. அண்ணா" என்று உடனே பதில் வந்தது. அச்சடிக்கும் சுத்தியல்களை இயக்கத் தனி மின்சுற்று உண்டு என்பது உண்மைதான். உண்மை கலந்த பொய்யைத்தானே நம்ப முடியும்? அனுப்பினேன்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. பார்சல் வரவில்லை. பார்சல் வந்தது, ஆனால் வேறு எண் ஐ.சி. முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார். முதலாளிக்குக் காய்ச்சல். ஆயுத பூஜைக்குக் கடை அடைப்பு. நேரில் போனால், முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் தலையை நிமிர்த்தாமலே "அண்ணன் இப்போதுதான் வெளியே போனார்" என்பான். உள்ளே திரைக்குப் பின்னால் அண்ணனின் போன் அடிப்பது எனக்குக் கேட்கும். ஒருமுறை, "ஜப்பானிலிருந்து பாகம் வர வேண்டுமென்றால் சும்மாவா?" என்று என்னையே அதட்டினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரத்தைத் தாளில் அச்சடிக்கும் கருவி செய்த அனுபவத்தில், 1968-இல் ஜப்பானின் சீக்கோ குழுமத்தார் இ.பி.-101 என்ற சின்ன அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார்கள். கால்குலேட்டர் கம்பெனிகள் வாங்கிப் பொருத்திக்கொள்வதற்கென்றே வந்த பொருள் அது. எப்சன் என்ற பெயரே அந்த இ.பி.யின் பிள்ளை என்ற பொருளில் பின்னால் வைத்ததுதான். எங்கள் இயந்திரத்தில் இருப்பதும் அதே முறையில் வேலை செய்கிற உருளை அச்சுதான். இவர் என்னவோ ராக்கெட்டுக்குப் பாகம் வரவழைப்பதுபோலப் பேசினார்.

கடைசியில் இன்று "ரெடி" என்றார். கடையில் இரண்டு வரி அடித்துக் காட்டினார், அடித்தது. சர்வீஸ் என்று இன்னொரு 1,300. ஆக மொத்தம் 7,800. வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்து அப்பா ஒரு மூட்டைக் கணக்குக்கூட முடிக்கவில்லை, நின்றுவிட்டது. வந்த தாளிலோ மிட்டாய்க் கடைக் காகிதத்தைப்போல எண்ணெய் ஊறியிருந்தது.

சேலம் குகைப் பகுதியில் டைப்ரைட்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். உடனே அவரை அழைத்து வந்தேன். அடி மூடியைக் கழற்றினார். சொல்லும்போதே கை நடுங்குகிறது: மின்சுற்றுப் பலகையில் ஒரு இடத்திலும் புதிதாகப் பற்றவைத்த அடையாளம் இல்லை. ஒவ்வொரு ஐ.சி.யின் கால்களுக்கு இடையிலும் எங்கள் மண்டியின் பருப்புத் தூசி மஞ்சளாக, ஓர் ஓட்டையும் இல்லாமல், வருடக்கணக்கில் படிந்தது படிந்தபடியே இருந்தது. 3,500 ரூபாய் ஐ.சி.யை அந்தத் தூசி கலையாமல் எப்படி மாற்றினார்கள்?

உண்மையான பழுது வேறு இடத்தில். மோட்டார் தண்டில் இறுக்கமாகச் செருகியிருக்கும், சுண்டுவிரல் நகம் அளவுள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் நெடுக விரிசல் விட்டிருந்தது. பெரியவர் நகத்தால் நெம்பிக் காட்டினார். விரிசல் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி அகன்றிருந்தது. பழைய பிளாஸ்டிக் சுருங்கும், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு சுருங்காது, ஒருநாள் வெடிக்கும். இந்த அச்சுப்பொறியில் எண்கள் பொறித்த உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டிய எண் தாளுக்கு நேரே வரும் அந்தக் கணத்தில் சுத்தியல் அடிக்க வேண்டும். விரிசல் வரும்போதெல்லாம் உருளை தடுக்கினால் எட்டுக்குக் கீழ்ப்பாதி எங்கிருந்து விழும்? தாளை இழுக்கும் ரப்பர் உருளையோ பிசினாக உருகிப்போயிருந்தது. தாள் நகராததற்குக் காரணம் அது. இரண்டும் பழைய அச்சுக் கால்குலேட்டர்களுக்கு வழக்கமாக வருகிற கோளாறுகள்தானாம். மூடியைத் திறந்த யாருக்கும் கண்ணில் பட்டிருக்கும்.

அவர்கள் செய்த ஒரே வேலை, உள்ளே எண்ணெயை ஊற்றியது. அது ரிப்பனில் ஏறி, சிவப்பும் கறுப்பும் கலந்து, இப்போது கழிவு எது கூட்டல் எது என்றே தெரியவில்லை. போதாததற்குத் திரையின் முகப்பைத் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். கண்ணாடிபோல இருந்த பிளாஸ்டிக் பால் படிந்ததுபோல வெளுத்துவிட்டது. அடியில் இருந்த நான்கு திருகாணிகளில் இரண்டு எங்களுடையவை அல்ல.

போன் செய்தேன். "பழைய மிஷினுக்கு கேரண்டி கிடையாது என்று அன்றைக்கே சொன்னேனே அண்ணா." சொல்லவில்லை. கழற்றிய பழைய ஐ.சி.யைக் கொடுங்கள் என்றேன். "அதெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்." தூசி படிந்த பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டுகிறது. அதன் பிறகு போனை எடுப்பதில்லை. 7,800 ரூபாய் அவருக்கு ஒரு நாள் வசூலாக இருக்கலாம். அந்தப் பணத்துக்கு எத்தனை மூட்டை ஏற்றி இறக்க வேண்டும் என்று அப்பாவைக் கேட்டால் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எப்படிப்பட்ட கடையை நம்பலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து உள்ளே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் கைக்கு வராமல் புதிய பாகத்துக்குப் பணம் தராதீர்கள். போனில் "இன்றே அனுப்புங்கள்" என்றால் அனுப்பாதீர்கள். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நாளை காலை முதல் வேலையாக அழைக்கப் போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயும் போவேன். அப்புறம், பில் கேட்டு வாங்குங்கள், ஜி.எஸ்.டி. எண்ணோடு. எனக்குக் கிடைத்த சீட்டில் கடையின் முத்திரை இல்லை, தேதி இல்லை. 7,800 என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதுவும் பென்சிலில்.