பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, "முடிஞ்சது" என்றார்கள்: ஃபைபர் படகுக்காரர்கள் கவனத்துக்கு

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கிறவர்கள், விரிசலுக்கு வேலை ஆள் தேடிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் படகில் நடந்தது. அண்ணனும் சித்தப்பாவும் கூடப் போன இரண்டு பேரும் கரை சேர்ந்துவிட்டார்கள். அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன்.

முப்பதடிப் படகு. அணியத்துக்கு (படகின் முன்பக்கம்) கீழே, ஏராவை (படகின் அடிக்கட்டை) ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு விரிசல். இருட்டில் உள்ளே டார்ச் அடித்தால் வெளியே வெளிச்சம் தெரிந்தது. மேல்பூச்சில் விழுந்த கீறல் இல்லை அது, படகின் ஓடே பிளந்திருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர் வந்து பார்த்து, "உள்ளயும் வெளியயும் நாலு லேயர் மேட் போட்டு, ஐசோ ரெசின்லயே முடிச்சுத் தர்றேன் தம்பி" என்று அண்ணனிடம் சொன்னார். மேட் என்பது கண்ணாடி நார் விரிப்பு, ரெசின் அதை இறுக்கிப் பிடிக்கிற பசை, ஐசோ என்பது தண்ணீரை நன்றாகத் தாங்குகிற ரெசின். 28,000 ரூபாய் பேசி, பாதிக்கு மேல் முன்பணமாக வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கிற நேரம் என்பதால் தேர்ந்த கைகள் கிடைப்பதில்லை. ஃபைபருக்குத் தடை இல்லை, கரையோரம் தொழில் பார்க்கலாம், ஆகவே அவசரமெல்லாம் நமக்குத்தான். அந்த அவசரத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

படகு புதுப் பெயிண்ட் பளபளப்போடு வந்தது. கொஞ்ச நாள் ஓடியது. ஒரு விடிகாலை, வலையும் ஐஸ் பெட்டியுமாகப் பாரத்தோடு திரும்பும்போது முன்பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. இரண்டு பேர் கேன் வெட்டி இறைத்துக்கொண்டே இருக்க, அண்ணன் மெதுவாக ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். ஏற்றிப் பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் அப்பளம் மாதிரி ஒரே தகடாகப் பெயர்ந்து தொங்கியது.

வேறு ஊரிலிருந்து வயதான ஒரு ஃபைபர் மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் கிரைண்டர் வைத்துப் பிரித்துக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். விரிசலுக்குள் அடைத்திருந்தது கார் டிங்கரிங் கடையில் பூசுகிற பட்டி. அதில் நாரே கிடையாது, மாவும் ரெசினும்தான். பலமும் இல்லை, தண்ணீரையும் குடிக்கும். அதன்மேல் ஒரே ஒரு லேயர் மேட். அந்த மேட்டையும் பழைய பெயிண்டைத் தேய்க்காமல் அதன்மேலேயே ஒட்டியிருந்தார்கள். ரெசின் பிடித்தது பெயிண்டை, படகை அல்ல. அடியில் மணலும் உப்புப் பொருக்கும் அப்படியே இருந்தன. உள்பக்கத்தை யாருமே தொடவில்லை. நாலு லேயருக்குப் பணம் வாங்கியவர்கள் செய்த வேலை இது.

முறையான வேலை எப்படி என்று அந்த மேஸ்திரி எங்களைப் பக்கத்தில் நிற்க வைத்தே செய்து காட்டினார். முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் ரெசின் சரியாக இறுகாது, பிடிப்பும் இருக்காது. பிறகு காசால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். நல்ல இடம் கணீரென்றது, லேயர் விட்டுப்போன இடம் சத்தம் மங்கிக் கேட்டது. விரிசல் ஒரு முழம்தான், ஆனால் அதைத் தாண்டியும் ஓடு கெட்டிருந்தது. கெட்டதையெல்லாம் கிரைண்டரில் எடுத்து, ஓரத்தைச் சரிவாக இழைத்தார். ஓட்டின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டுமாம். எங்கள் படகில் அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் கனம், ஆக ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டருக்கு மேல். புது மேட் பழைய நாரோடு சேர்ந்து பாரம் தாங்குவது இந்தச் சரிவில்தான். அசிட்டோன் போட்டுத் துடைத்து, மேட்டும் ரோவிங்கும் (நெய்த கண்ணாடி நார்த் துணி) மாற்றி மாற்றி, ஒவ்வொரு லேயருக்கும் ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றினார். மொத்தத்தையும் ஒரே மூச்சில் போடவில்லை, அப்படிப் போட்டால் சூடேறி வெடிப்பு விடும். உள்ளேயும் அதே வேலை. கடைசியில்தான் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு.

ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான். நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆகவே, கிரைண்டிங் முடிந்ததும் ஒரு முறை, மேட் போடும்போது ஒரு முறை, பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு முறை நேரில் நின்று பாருங்கள், போட்டோ எடுங்கள். ரெசின் டின்னின் லேபிளையும் சேர்த்து எடுங்கள், சாதா ரெசினை ஐசோ என்று சொல்லி ஊற்றுவதும் நடக்கிறது. "பெயிண்ட் அடிச்சிட்டுக் கூப்பிடுறேன், அப்ப வாங்க" என்கிற ஆளிடம் படகை விடாதீர்கள். பெயிண்ட் ஏறிவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது.

பட்டறைக்காரரிடம் கேட்கப் போனபோது, "கல்லுல மோதியிருப்பீங்க" என்றார். பெயர்ந்த தகட்டையும் பட்டியையும் முன்னால் வைத்ததும் பேச்சை மாற்றி, "பில்லு இருக்கா? தொழில் படகுக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் செல்லாது" என்று மிரட்டினார். இது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துகிறவர் நுகர்வோர் என்றே இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. பில் தராவிட்டாலும் பணம் அனுப்பிய ஜிபே பதிவும், பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவும் எங்களிடம் இருக்கின்றன. மேஸ்திரியிடம் பழுதின் நிலையை எழுதி வாங்கியிருக்கிறோம். பெயர்ந்த தகட்டைக் கழுவாமல் வைத்திருக்கிறோம், அதன் அடியில் பழைய பெயிண்ட் ஒட்டியிருப்பதே சாட்சி.

புகார் மனு எழுதி முடித்தாயிற்று. அதே பட்டறையில் இப்போது இன்னொருவர் படகு ஏறி நிற்கிறது. அண்ணன் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார், பெயிண்ட் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் போட்டோக்களோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுக்கலாம்.