எஃப்-100 முன்பக்கம்: பழையதைப் புதுப்பிப்பதா, கிரவுன் விக்டோரியாவை மாட்டுவதா?

1965 முதல் 1979 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பை அமெரிக்காவில் இன்றும் பலர் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வாங்கியவர்கள் சொல்லும் குறைகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டியரிங் நேராக நிற்காது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன் டயர்களின் உள்விளிம்பு சீக்கிரமே மொட்டையாகிவிடும். "இரட்டை ஐ-பீம் என்றாலே அப்படித்தான், அறுத்தெறிந்துவிட்டு ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா காரின் முன்பாகத்தை மாட்டு" என்று யாராவது சொல்வார்கள். அந்த அறிவுரை சில வண்டிகளுக்குப் பொருந்தும். பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

முதலில் பழைய அமைப்பு, அதாவது இரட்டை ஐ-பீம். இடது சக்கரத்தைத் தாங்கும் எஃகு பீம், வண்டியின் குறுக்கே போய் வலப்பக்கத்துச் சேசிஸ் அருகே போல்ட்டில் தொங்குகிறது. வலது சக்கரத்தின் பீம் அதேபோல் இடப்பக்கத்தில். ஒவ்வொரு பீமையும் ரேடியஸ் ஆர்ம் என்ற நீண்ட கை பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. மேலே காயில் ஸ்பிரிங். பீம் வில்லாக ஏறி இறங்குவதால் கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், மாறிக்கொண்டே இருக்கும். இது பிறவிக் குணம், மாற்ற முடியாது. ஆனால் ஸ்பிரிங் தொய்ந்துபோன வண்டியில் மூக்கு எப்போதும் தாழ்ந்தே நிற்கும், சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தே இருக்கும். டயரின் உள்விளிம்பைத் தின்பது பெரும்பாலும் இந்தத் தொய்வுதான். பழி மட்டும் வடிவமைப்பின் மேல் விழுகிறது.

பழையதைப் புதுப்பிப்பது என்றால் உண்மையில் கிங்பின் வேலைதான்; ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்புவது பீமின் முனையில் இருக்கும் இந்தத் தடித்த பின்னைச் சுற்றித்தான். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் வேலை பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பல பத்தாண்டுகள் கிரீஸ் காணாத கிங்பின் பீமோடு துருவேறி ஒட்டிப்போயிருக்கும். பூட்டுப் பின்னைத் தட்டி எடுத்தபிறகு, துருநீக்கும் எண்ணெயில் ஊறவிட்டு, பிரஸ்ஸில் வைத்துத் தள்ளுவதே நல்ல வழி. சம்மட்டியால் அடித்தால் பின்னின் முனை காளான்போல் விரிந்து, துளைக்குள் இன்னும் இறுகிக்கொள்ளும்.

புதிய கிட் வாங்கும்போது இங்கேயே ஒரு சிறு போட்டி உண்டு: கிங்பின் சுழலும் உருளை உறையான புஷ், வெண்கலமா பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக்கை அப்படியே செருகிவிடலாம். வெண்கலத்தை பிரஸ்ஸில் இறக்கி, பின்னின் அளவுக்கு ரீமர் (துளையைத் துல்லியமாகச் செதுக்கும் கருவி) போட வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளின் துளையோடு பொருந்த வேண்டும். அந்தத் துளை கொஞ்சம் விலகினாலும் புஷ்ஷுக்குள் கிரீஸ் போகாது. வேலை அதிகம்தான். ஆனாலும் சரியாக ரீமர் போட்ட வெண்கலத்தில் கிங்பின் இறங்கும்போது விரலால் தள்ளினால் தயங்கித் தயங்கிப் போகும், ஆட்டம் துளியும் இருக்காது. முறையாகக் கிரீஸ் அடிப்பவர்களுக்கு நான் வெண்கலத்தையே சொல்வேன்.

பீம் தொங்கும் போல்ட்டுக்கு ரப்பர் புஷ்ஷா, கெட்டியான பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேனா என்பதுதான் அதிகம் பேரைக் குழப்புகிறது. பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அசையாது, சீக்கிரம் நசுங்காது. ஆனால் இந்த வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. பீமும் ரேடியஸ் ஆர்மும் இறுக்கிப் பூட்டப்பட்ட ஒரே முக்கோணம். அது சுழலும் அச்சு, பீமின் போல்ட்டிலிருந்து ரேடியஸ் ஆர்மின் பின்முனைக்குச் சாய்வாகப் போகிறது. ஆகவே பீம் புஷ் வெறுமனே சுற்றினால் போதாது, முறுக்கவும் வேண்டும். ரப்பர் முறுக்கிக் கொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் மறுக்கும். அந்த எதிர்ப்பு அதிர்வாகவும் கிறீச்சொலியாகவும் இருக்கைக்கு வந்து சேரும். பீமுக்கு ரப்பர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பி இருந்தால் அதற்கு மட்டும் பாலியூரித்தேன் போடலாம்.

இனி கிரவுன் விக்டோரியா. அமெரிக்கப் போலீஸாரும் டாக்சிக்காரர்களும் ஓட்டித் தேய்த்த அந்தக் காரின் முன்பாகம் 2003இல் மாறியது. அலுமினியக் குறுக்குச் சட்டம், மேலும் கீழும் கைகள், ரேக் அண்ட் பினியன் (பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட) ஸ்டியரிங், நல்ல டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே கட்டாகக் கழன்று வரும். 2011இல் உற்பத்தி நின்றாலும் பழைய வாகனக் கிடங்குகளில் கிடைக்கிறது. மாட்டிய வண்டி வளைவில் காரைப்போல் திரும்பும். வேண்டுமானால் மூக்கை நன்றாகத் தாழ்த்தி நிறுத்தலாம். கேம்பரைத் திருகித் திருத்தலாம். நெடுஞ்சாலையில் ஓட்டும்போது பழையதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இதை மறைத்துப் பழையதைப் புகழ்வதில் நியாயமில்லை.

ஆனால் கட்டாக வருவது கட்டாகப் பொருந்தாது. சேசிஸை வெட்டி, தகடு வைத்து, வெல்டிங் செய்ய வேண்டும். எஞ்சின் மவுண்ட் இடம் மாறும். சில எஞ்சின்களின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி (ஆயில் சம்ப்) குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். ஸ்டியரிங் தண்டுக்குப் புது இணைப்புகள் வேண்டும். சக்கரத்திலும் ஒரு தொல்லை உண்டு. எஃப்-100இல் ஐந்து போல்ட் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் அமையும், கிரவுன் விக்டோரியாவில் 114.3. முன்னும் பின்னும் ஒரே சக்கரம் வேண்டுமென்றால் பின் ஆக்சிலையும் மாற்றியாக வேண்டும். அரைகுறையாக வெல்டிங் தெரிந்தவர்கள் ஸ்டியரிங்கைத் தாங்கும் இடத்தில் கைவைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். தவிர, வெட்டிய சேசிஸை மீண்டும் பழையபடி ஆக்குவது நடக்காத காரியம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1965–72 வண்டி வைத்திருப்பவர்கள், 1973–79 எஃப்-100இன் பீம், ரேடியஸ் ஆர்ம், டிஸ்க் பிரேக் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஆகியவற்றைச் சேர்த்தே மாட்டுகிறார்கள். அமைப்பு அதே இரட்டை ஐ-பீம், வெட்டு வேலை இல்லை, டிரம் பிரேக்கின் இழுப்பும் தொலைகிறது. தினமும் ஓட்டும் பழைய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான செலவு எனக்குத் தோன்றவில்லை.

பீம் வளையாமலும் சேசிஸ் துருவில் அரிக்காமலும் இருந்தால், கிங்பின், ரப்பர் புஷ்கள், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகள், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுப் பழையதையே ஓட்டுங்கள். சரக்கு ஏற்றுவோருக்கும் அதுவே ஏற்றது. மிகத் தாழ்வாக நிறுத்தி, பெரிய எஞ்சின் வைத்து, வேகமாக ஓட்ட நினைப்பவர்கள் கிரவுன் விக்டோரியாவுக்குப் போகலாம். கைதேர்ந்த வெல்டர் கிடைத்த பிறகு.

பழையதைத் தேர்ந்தெடுத்தவர்கள் கடைசி வேலையில் கவனமாக இருக்க வேண்டும். பீம் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் சொந்த எடையில் சக்கரங்களின்மேல் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு சிறிது தூரம் ஓட்டி, ஸ்பிரிங் உட்கார்ந்தபின் வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். இந்த பீமில் கேம்பர் திருத்துவதென்றால் ஹைட்ராலிக் கருவியால் பீமையே குளிர்நிலையில் வளைப்பது. கடைக்காரர் கேஸ் டார்ச்சை எடுத்துச் சூடாக்க முனைந்தால் உடனே தடுத்துவிடுங்கள்; சூடு பட்டால் எஃகின் பதம் கெட்டுவிடும். லாரிகளுக்கு அலைன்மென்ட் பார்க்கும் கடைகளில் அந்தக் கருவி பெரும்பாலும் இருக்கும்.