காரைக்குடி மெஸ்ஸில் போன 3,728 ரூபாய்: சாப்பிடப் போகிறவர்கள் பார்த்துப் போங்கள்

நேற்று மதியம் நடந்தது. இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. காரைக்குடியில் ஒரு மெஸ். பெயர் போடவில்லை. வாழை இலை, மீல்ஸ், வாசலில் 'செட்டிநாடு' என்று ஆளுயரத்துக்கு எழுத்து, அந்த ரகக் கடை.

கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் போடுகிற டைல்ஸ் செய்யும் பட்டறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, நல்ல பசியோடு ஐந்து பேராகப் போய் உட்கார்ந்தோம். போர்டில் மீல்ஸ் 180 என்று மட்டும் இருந்தது. இலை போட்டதுமே சப்ளையர் பெரியவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காடை, நண்டு, விரால் வறுவல், நாட்டுக்கோழி, எல்லாம் குட்டிக் குட்டிக் கிண்ணத்தில். நம்ம பக்கம் மெஸ்களில் அதுதானே வழக்கம்.

"என்ன விலைண்ணே?" என்றேன்.

"விருந்தாளிகளை வச்சுக்கிட்டு விலை கேக்கலாமா? உங்களுக்குக் கூடப் போட்டுருவேனா! சாப்பிடுங்க ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மா இலையில் காடையை வைத்துவிட்டார். அதற்கு மேல் எப்படிப் பேரம் பேசுவது? அந்தக் கூச்சத்தில்தான் இவர்கள் கல்லா நிறைகிறது.

நாட்டுக்கோழி என்று வந்தது பிராய்லர். கால் எலும்பு விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது. நாட்டுக்கோழி எலும்பைக் கடித்துப் பழகியவர்களிடம் இந்த வேலையா! மேலே மிளகைக் கொட்டி மறைத்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் 3,728 என்று ஒரே ஒரு எண். விவரம் கேட்டால் வாயாலேயே ஒப்பித்தார்கள். மீல்ஸ் 900, கோழி இரண்டு 840, காடை மூன்று 780, நண்டு 550, விரால் இரண்டு 480, அப்புறம் 'ஜிஎஸ்டி' 178. ஜிஎஸ்டி நம்பர் எங்கே என்றால் கம்ப்யூட்டர் ரிப்பேராம். போனில் ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வருகிறது. பின்னால் வரிசை நிற்கிறது, சம்பந்தி வேறு பர்ஸை எடுக்கிறார். கட்டினேன், 3,728 ரூபாய்.

சாயங்காலம் போன் செய்தேன். "முதலாளி வந்ததும் பேசச் சொல்றேங்க." பேசவில்லை. இன்று காலை நேரிலேயே போனேன். அந்தப் பெரியவர் லீவாம். கல்லாவில் இருந்த பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சாப்பிட்டுட்டு எல்லாரும் இப்படித்தாங்க்கா சொல்றாங்க" என்கிறான். 3,728 ரூபாய்க்குக் கிடைத்த மரியாதை!

எப்படி ஏமாறாமல் சாப்பிடுவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டு வந்தால் விலை சொல்லும்வரை இலையில் எதையும் வைக்க விடாதீர்கள். ஜிஎஸ்டி என்று வாங்கினால் பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். காம்போசிஷன் திட்டத்தில் (சின்னக் கடைகள் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டுகிற திட்டம்) இருக்கிற கடை நம்மிடம் வரி வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. பில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடியுங்கள். நான் அடித்துவிட்டேன், புகார் எண்ணும் வந்துவிட்டது.