தொக்கு, ஊறுகாய் போடுகிறவர்கள் கவனத்துக்கு: பாதி பில்லில் பாட்டில் வாங்காதீர்கள்

பெரியகுளத்தில் வீட்டை ஒட்டிய சின்னக் கொட்டகையில் ஆறு வருஷமாகத் தொக்கு போட்டு விற்கிறேன். பூண்டுத் தொக்குதான் எங்கள் பேர் சொல்லும் சரக்கு. வடுகப்பட்டிச் சந்தை பக்கத்திலேயே இருப்பதால் மலைப்பூண்டை நேரில் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடிகிறது. நானும் என் நாத்தனாரும், உரிக்கவும் கழுவவும் இரண்டு அக்காமாரும், இவ்வளவுதான் நாங்கள். வாரத்துக்கு முந்நூறு பாட்டில் போகும்.

போன தை மாதம் கண்ணாடி பாட்டில் வாங்கியதில் நான் பட்டதை எழுதுகிறேன். என்னைப் போல வீட்டில் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இதே மாதிரி ஆட்களிடம் இப்போது பேசிக்கொண்டிருக்கலாம். பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அதுவரை மதுரையில் ஒரு கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். 300 மில்லி பாட்டில், 63 எம்எம் திருகு மூடியோடு, வரி சேர்த்து 18 ரூபாய் 50 காசு. நாலைந்து பெட்டியாக அண்ணாச்சி வண்டியில் ஏற்றி விடுவார். ஆர்டர் கூடியதும், மொத்தமாக எடுத்தால் குறையுமே என்று தோன்றியது. இணையத்தில் மொத்த வியாபாரிகளைத் தேடும் ஒரு தளத்தில் என் நம்பரைப் பதிந்தேன். சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் நல்ல தமிழில், நிதானமாகப் பேசினார்.

“மேடம், எங்க ஃபேக்டரி பிரோசாபாத்ல இருக்கு. நேரா ஃபேக்டரி ரேட்டு. நடுவுல ஆளே கிடையாது. மூடியோட 14 ரூபா.”

பிரோசாபாத் ஆக்ராவுக்குப் பக்கத்தில், வளையலுக்கும் கண்ணாடிச் சாமானுக்கும் பேர்போன ஊர். அந்தப் பேரைக் கேட்டதுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சாம்பிள் கேட்டேன். மூன்றாம் நாள் கூரியரில் இரண்டு பாட்டில் வந்தது. அடி நல்ல கனம், கண்ணாடி தெளிவு. தராசில் வைத்தால் 190 கிராம். அடியில் வட்டத்துக்குள் ஒரு எழுத்து, பக்கத்தில் 7 என்று அச்சு எண். சுடச்சுடத் தொக்கு ஊற்றிப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. நாத்தனார் மூடியைத் திருகிக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. சரி என்று 5,000 பாட்டிலுக்குச் சொல்லிவிட்டோம்.

5,000 பாட்டில் 70,000 ரூபாய். 18 சதவீத வரியோடு 82,600. அப்போதுதான் அவர் சொன்னார்: “மேடம், 3,000 பாட்டிலுக்கு மட்டும் பில்லு போட்டுக்கலாம். மீதி 28,000 ரூபாயைத் தனி அக்கவுண்டுல போட்டுடுங்க. உங்களுக்கு 5,040 ரூபா மிச்சம். எல்லாருமே இப்படித்தான் எடுக்கிறாங்க.”

3,000 பாட்டிலுக்கு வரியோடு பில் 49,560 ரூபாய். சரக்கின் மதிப்பு 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் அனுப்ப அரசுத் தளத்தில் எடுக்கும் மின்சீட்டு, எடுத்தாக வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது. பில் அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி கணக்குப் போட்டிருக்கிறார். வரி ஏய்ப்புக்கு நானும் உடந்தை ஆனேன். அது தப்பு, அதை மறைக்க மாட்டேன். சங்கிலியை அடகு வைத்துப் பாதிப் பணம் மார்கழியில் அனுப்பினேன். லாரியில் ஏற்றுகிற வீடியோ ஒன்று வந்தது, மீதியையும் அனுப்பினேன். அந்த வீடியோவில் பெட்டிகள்தான் தெரிந்தன, ஒரு பாட்டில்கூடத் தெரியவில்லை. இன்று பார்த்தால் அது கண்ணில் படுகிறது.

சரக்கு தை பிறந்து பத்தாம் நாள் தேனி பார்சல் ஆபீஸுக்கு வந்தது. லாரி வாடகை 9,900 ரூபாய். அங்கேயே மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகையும் சேர்த்தால் ஒரு பாட்டில் 17 ரூபாய் 49 காசு. மதுரை விலைக்கும் இதற்கும் ஒரு ரூபாய்தான் வித்தியாசம். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

ரசீதில் புக் செய்த ஊர் தில்லி என்று இருந்தது. பிரோசாபாத் இல்லை. கேட்டதற்கு, “லாரி அங்கேருந்துதான் கிளம்பும் மேடம்” என்றார். பெட்டியைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால் தடுப்பு அட்டையே இல்லை. வரிசைக்கு வரிசை ஒரு செய்தித்தாள், அவ்வளவுதான். 412 பாட்டில் உடைசல். லாரிக்காரரிடம் போனால், “சுத்தமாப் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா” என்கிறார். பார்சல் எடுக்கும்போது ஓரிரு பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் அங்கேயே பிரித்து, அவர்கள் வைத்துக்கொள்ளும் நகலில் “உடைசலுடன் பெற்றேன்” என்று எண்ணிக்கையோடு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சரக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் லாரிக் கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2007-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. எனக்கு அதுவும் பிறகுதான் தெரிந்தது.

உடைசலோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

நாங்கள் எப்போதும் பாட்டிலை வெந்நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் தொக்கு ஊற்றுவோம். தொக்கு 85 டிகிரிக்கு மேல் இருக்கும். ஜில்லென்ற பாட்டிலில் ஊற்றக் கூடாது. சாதாரண உணவு பாட்டில் 42 டிகிரி அளவுக்குத் திடீர் வித்தியாசத்தைத் தாங்க வேண்டும் என்றுதான் சோதிப்பார்கள். மதுரை பாட்டிலில் இப்படி ஊற்றி ஆறு வருஷத்தில் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. இந்த பாட்டிலில் முதல் தட்டு 48 ஊற்றினோம். மூன்றாவது பாட்டிலைத் தூக்கினேன். மேல் பாதி கையில் வந்தது, அடி தட்டிலேயே வட்டமாக, வளையல் போல அறுந்து நின்றது. கொதிக்கும் எண்ணெய் நாத்தனார் முழங்கையில் வழிந்தது. அந்தத் தட்டில் மட்டும் ஒன்பது போயிற்று.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு அழுதேன். அவரிடம் வாங்காமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஆறவிடாத கண்ணாடிம்மா அது” என்றார். பாட்டிலை ஊதி வார்த்ததும் நீளமான ஒரு சூளைக்குள் விட்டு, 550 டிகிரி வாக்கிலிருந்து மெல்ல மெல்ல இறக்க வேண்டுமாம். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு சுருங்கும். அந்த இழுவிசை கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். பார்த்தால் தெரியாது. சூடு பட்டாலோ, லேசாகத் தட்டினாலோ விரிசல் விட்டுவிடும்.

பார்த்தால் தெரியாது என்றேன், ஆனால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகன் காட்டினான். லேப்டாப்பில் வெள்ளைத் திரையைப் போட்டு, போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, திரை இருட்டாகும் வரை கண்ணாடியைத் திருப்ப வேண்டும். பிறகு திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். மதுரை பாட்டில் ஏறக்குறைய இருட்டாகவே நின்றது. இந்த பாட்டிலில் அடியைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளும் நீலமுமாகத் தீற்றுகள். வந்த சாம்பிளை வைத்துப் பார்த்தோம், அது சுத்தம். அந்த இரண்டு பாட்டிலும் வேறு எங்கோ வாங்கி அனுப்பியவை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் நான்கு விதமான குறிகள். சிலவற்றில் குறியே இல்லை. சாம்பிளில் இருந்த வட்டமும் எழுத்தும் ஒன்றில்கூட இல்லை. இருபது பாட்டிலை நிறுத்தோம், 148 கிராமிலிருந்து 186 வரை. நாலு தொழிற்சாலை கழித்துப் போட்டதை அள்ளிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். தட்டையான கண்ணாடித் தட்டில் வாயைக் கவிழ்த்து வைத்தால் பல பாட்டில்கள் ஆடின. வாய் சமமில்லாவிட்டால் மூடி எவ்வளவு திருகினாலும் உட்காராது. மூடியின் உள்பக்க ரப்பர் பூச்சும் பழசு, நகத்தால் கீறினால் உரிந்தது.

ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு முன்னாலேயே, அடுத்தடுத்த தட்டுகளிலும் ஊற்றி, உடையாமல் தப்பிய 340 பாட்டிலை விற்றுவிட்டேன். தப்பியது நல்ல பாட்டில் என்று நினைத்தேன். இந்த வரியை எழுதக் கை நடுங்குகிறது.

போடியிலிருந்து ஒரு டீச்சர், நாலு வருஷமாக எங்களிடம் வாங்குகிறவர், மாசி முதல் வாரம் கூப்பிட்டார். “ஒண்ணு சொல்றேன், பதறாதீங்க. பாப்பாவுக்கு இட்லிக்குத் தொட்டுக்க வச்சேன். கரண்டியில ஏதோ மினுங்குச்சு.” போட்டோ அனுப்பினார். அரை விரல் நீளத்தில், நூல் மாதிரி, ஒரு கண்ணாடி இழை. வார்ப்பு சரியில்லாத பாட்டிலுக்குள் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு இப்படி ஒரு இழை ஓடுமாம். தொக்கு ஊற்றும்போது ஒடிந்து உள்ளே விழுந்துவிடும். கழுவும்போது உள்ளே பார்த்தோம்தான், ஆனால் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறோம்.

அன்றைக்கே விற்பனையை நிறுத்தினேன். நோட்டில் இருந்த எல்லா நம்பருக்கும் பேசினோம். கடைகளுக்கு நேரில் போனேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு என் பெயரில் இருக்கிறது, தொக்கில் கண்ணாடி கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். டீச்சர் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவர்மேல் தப்பில்லை.

விற்றவரிடம் போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில், “வர்ற வழியில உடையறதுக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்.” வெந்நீர் விஷயத்தைச் சொன்னதும், “சூடா ஊத்துவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே.” மூன்றாவது நாள் என் நம்பரைத் தடுத்துவிட்டார். 1930-க்குப் பேசினேன், அது இணையப் பண மோசடிக்கான எண். சரக்கு கைக்கு வந்துவிட்டதால் இது வியாபாரத் தகராறு என்றார்கள். 1915, நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தார்கள். வியாபாரத்துக்கு வாங்கினால் பொதுவாக நுகர்வோர் ஆக மாட்டோம். ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாகச் செய்யும் சுயதொழிலுக்கு மட்டுமே வாங்கினால் 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இடம் உண்டு. அதை வைத்து நோட்டீஸ் விடலாம் என்று வக்கீலிடம் போனேன். அவர் பில்லைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “இதுல 3,000 பாட்டில்தானே இருக்கு?”

உடைசலும் கழிசலும் அந்த 2,000-த்தில் இருந்தவை, பில் போட்ட 3,000 நல்ல சரக்கு என்று விற்றவன் சொல்லிவிட்டால் என்னிடம் பதில் இல்லை. தனி அக்கவுண்டில் போட்ட 28,000 என்ன பணம் என்று நீதிமன்றத்தில் நான் எதைச் சொல்வது? அவன் எனக்கு 5,040 ரூபாய் மிச்சம் பிடித்துத் தரவில்லை. என் வாயைக் கட்டியிருக்கிறான். யாராவது பாதி பில் பேசினால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஜிஎஸ்டி எண்ணைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருந்தாலும் தப்பியிருப்பேன். அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம். உத்தரப் பிரதேசம் 09, தில்லி 07, நம்முடையது 33. இவர் எண் 07-ல் ஆரம்பிக்கிறது. பதிவாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, உற்பத்தியாளர் என்று எங்கும் இல்லை. ஆலை பிரோசாபாத்தில் இருப்பதாகச் சொல்கிறவரிடம் 09-ல் ஆரம்பிக்கும் எண்ணைக் கேளுங்கள். அங்கே நேர்மையாகத் தொழில் செய்கிற ஆலைகள் எத்தனையோ உண்டு, அந்த ஊரைக் குறை சொல்ல மாட்டேன். சாம்பிள் இரண்டு வாங்காதீர்கள். காசு கொடுத்து இரண்டு பெட்டி வாங்கி உங்கள் கையாலேயே நிரப்பிப் பாருங்கள். ஆர்டர் கடிதத்தில் பாட்டில் எடை, அடிக் குறி, எத்தனை டிகிரியில் ஊற்றுவீர்கள் என்பது எல்லாம் எழுதி, அவர்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகு பணம் அனுப்புங்கள்.

மீதி பாட்டில்களைப் பழைய இரும்புக்காரர் முழுசாகவே கேட்டார். ஒன்று மூன்று ரூபாய் தருகிறேன் என்றார். முழுசாகப் போனால் அதில் யாரோ தேனோ நெய்யோ ஊற்றி விற்பார்கள். சாக்குக்குள் போட்டுச் சம்மட்டியால் நொறுக்கி, உடைசலாகத்தான் கொடுத்தோம். மூன்று நாள் ஆயிற்று.

விற்ற 340-ல் 329 திரும்பி வந்துவிட்டது, அல்லது காலியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். 11 பாட்டில் இன்னும் கணக்கில் வரவில்லை. தை கடைசியிலிருந்து மாசி முதல் வாரத்துக்குள் பெரியகுளம், தேனி, போடி கடைகளில் கையால் எழுதிய பச்சை லேபிள் ஒட்டிய பூண்டுத் தொக்கு வாங்கியிருந்தால், அது எங்களுடையது. அடியில் வட்டத்துக்குள் எழுத்து இல்லாவிட்டால் தயவுசெய்து திறக்காதீர்கள். திறந்திருந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். வாங்கிய கடையிலேயே சொல்லிவிடுங்கள், பணத்தை நான் வந்து கொடுக்கிறேன்.